தாடை இறங்கும்போது சொல் கரைகிறது

1959 பிப்ரவரி 17. லண்டன் கவென்ட் கார்டன் அரங்கில் டொனிசெட்டியின் ‘லூசியா டி லாமர்மூர்’ ஓபரா. மணநாள் இரவில் கணவனைக் குத்திக் கொன்ற லூசியா, சித்தம் கலங்கி, ரத்தக்கறை படிந்த வெள்ளை உடையோடு வருகிறாள். கால் மணி நேரம் கிட்டத்தட்ட அவள் ஒருத்தியின் பாட்டுத்தான். புல்லாங்குழல் ஒன்று அவளோடு போட்டி போடுகிறது. மேடைக்குக் கீழே முழு இசைக்குழு. எதிரே 2,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள். மைக் கிடையாது. ஆனாலும் கடைசி வரிசைவரை அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. பாடிய ஜோன் சதர்லண்டுக்கு அப்போது வயது 32. அந்த ஓர் இரவு அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது.

அதற்கு முன்னால் நெடுநாள் காத்திருப்பு இருந்தது. 1926-ல் சிட்னியில் பிறந்தவர். ஆறு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அலுவலகத்தில் செயலாளர் வேலை. நன்றாகப் பாடக்கூடிய தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் முதலில் பாட்டுக் கற்றார். தாயுடையது மெஸ்ஸோ, அதாவது சொப்ரானோ என்னும் மிக உயர்ந்த பெண்குரலுக்கு ஒரு படி கீழான குரல். தன் குரலும் அதுதான் என்று மகளும் நம்பியிருந்தார். போட்டிகளில் வென்று 1951-ல் லண்டன் வந்தார். மறு ஆண்டு கவென்ட் கார்டனில் சிறு வேடங்கள் கிடைத்தன. புகழ்பெற்ற பாடகி மரியா காலஸ் ‘நார்மா’ ஓபராவில் நாயகியாகப் பாடியபோது, தோழி வேடத்தில் பக்கத்தில் நின்றவர் இவர்.

குரலின் உண்மையான உயரத்தைக் கண்டுபிடித்தவர் கணவர் ரிச்சர்ட் பானிங். சுரத்தைக் கேட்ட மாத்திரத்தில் இன்னதென்று சொல்லும் காது சதர்லண்டுக்கு இல்லை. பியானோவில் அமர்ந்து பயிற்சி கொடுத்த பானிங், அதையே வசதியாக்கிக்கொண்டு, எந்தச் சுரம் என்று சொல்லாமலே மேலே மேலே ஏற்றினார். முடியாது என்று மனைவி நினைத்திருந்த உயரங்களில் குரல் தானாகப் போய் நின்றது.

அவர் மேல் வைக்கப்பட்ட புகார் ஒன்று வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது: “குரல் தேன். ஆனால் சொல் புரியவில்லை.” இந்தப் புகாருக்கு இயற்பியல் தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தமானது.

மோவாயில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ‘ஈ’ என்று சொல்லுங்கள். பிறகு ‘ஆ’. தாடை இறங்குவது விரலில் தெரியும். ‘ஆ’ பிறக்க வாய் திறக்க வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் ‘அங்காத்தல்’ என்று குறித்துவைத்திருக்கிறார். வாய்க்குள் இருக்கும் காற்றுக்கு, ஊஞ்சலைப் போல, தனக்கென்று சில அதிர்வு வேகங்கள் உண்டு; இவையே ஒத்ததிர்வுகள். அந்த வேகத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். ‘ஈ’ சொல்லும் வாயின் முதல் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 300 அதிர்வு. ‘ஆ’வுக்குச் சுமார் 800. இந்த இடங்கள் மாறுவதை வைத்துத்தான் காது உயிரெழுத்தை இனம் காண்கிறது.

சொப்ரானோ 800 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தைப் பிடிக்கிறார். அதாவது குரல்நாண்கள் வினாடிக்கு 800 முறை மோதி விலகுகின்றன. அந்த நேரத்தில் வாய் ‘ஈ’ வடிவில் இருந்தால், 300-ல் காத்திருக்கும் ஒத்ததிர்வுக்கு அங்கே வேலையே இல்லை. ஊஞ்சல் ஒரு பக்கம், தள்ளும் கை ஒரு பக்கம். எனவே அவர் தாடையை இறக்குகிறார். ஒத்ததிர்வு மேலேறி, பாடும் சுரத்தின் மேல் வந்து உட்கார்கிறது. கூடுதல் மூச்சு செலவில்லாமல் ஒலி பெருகுகிறது. சுரம் ஏற ஏற வாயும் திறக்கிறது.

ஸ்வீடன் ஒலியியல் அறிஞர் யோஹான் சுண்ட்பெரி 1970-களில் இதை விளக்கினார். 2004-ல் ஆய்வாளர்கள் பாடகிகளின் உதட்டருகே சிறு குழாயை வைத்து, பாடும்போதே வாய்க்குள் ஒலி அனுப்பி நேரடியாக அளந்தார்கள். சுமார் 1,000 ஹெர்ட்ஸ் வரை ஒத்ததிர்வு சுரத்தைத் தொடர்ந்தே போனது. அந்த ஆய்வு நடந்ததும் சதர்லண்ட் பிறந்த சிட்னியில்தான்.

விலை என்ன? ‘ஈ’யும் ‘ஊ’வும் ‘ஆ’வை நோக்கி நகர்ந்து ஒன்றாகிவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு. 200 ஹெர்ட்ஸில் பேசும் குரலில் 200, 400, 600, 800 என்று நெருக்கமாக ஒலிகள் இருக்கும். 1,000-ல் பாடினால் 1,000, அடுத்தது 2,000, பிறகு 3,000. ஒத்ததிர்வு எங்கே என்று காதுக்குக் காட்டும் புள்ளிகள் இந்த ஒலிகள்தான். முக்கால்வாசிப் புள்ளியை அழித்துவிட்டால் அது என்ன கோலம் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த உச்சியில் எந்தப் பாடகி பாடினாலும் உயிரெழுத்து காதில் பிரியாது. லூசியாவும் புல்லாங்குழலும் போட்டியிடும் இடத்தில் சொற்களே இல்லை, வெறும் ‘ஆ’தான்.

கீழ்ச் சுரங்களில் இந்தச் சமாதானம் செல்லாது. அங்கும் சதர்லண்ட் மெய்யெழுத்துகளை மழுக்கினார், குரல் இழை அறாமல் ஓட வேண்டும் என்பதற்காக. அது அவர் தேர்வு. குறை என்றால் குறைதான். ஆனால் உச்சியில் சொல் கரைந்ததற்கு அவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

1990 அக்டோபரில் சிட்னி ஓபரா மாளிகையில் அவர் விடைபெற்றார். 2010-ல் மறைந்தார். அந்த மாளிகையின் ஓபரா அரங்குக்கு இப்போது அவர் பெயர். அவருடைய லூசியா காணொளி கிடைத்தால் ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு, தாடையை மட்டும் பாருங்கள். சுரம் எப்போது ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியும்.