திறக்காத சிப்பி

குலசேகரன்பட்டினம் டீக்கடையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் ராக்கெட்டில் வந்து நிற்கும். 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். தெற்கே திறந்த கடல், இலங்கையைச் சுற்றி வளையாமல் சிறு ராக்கெட் நேராகப் போகலாம் என்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடம். அன்று கடைக்காரர் கேட்டது வேறு: "அண்ணாச்சி, குவாண்டம் சாவின்னு பேப்பர்ல போட்டிருக்கான். அது எந்தப் பூட்டுக்கு?"

நல்ல கேள்வி. டீ ஆறட்டும், மெல்லப் போவோம்.

முதலில் உப்பு. தூத்துக்குடி உப்பளத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளை மேடு; கையில் அள்ளினால் தனித்தனிக் கல். வெளிச்சமும் அப்படித்தான். ஃபோட்டான் என்ற மணிகளாகத்தான் அது வந்து சேர்கிறது. ஒரு மணியில் பாதியைப் பிய்த்தெடுக்க முடியாது.

அடுத்து, கயிறு. வள்ளத்துக் கயிற்றின் நுனியைப் பிடித்து உதறினால் அலை ஓடும். நெட்டாக உதறலாம், கிடையாக உதறலாம், சாய்த்தும் உதறலாம். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அந்தக் கயிறு போனால் நெட்டு அலை தாண்டும், கிடை அலை முட்டி நிற்கும். ஒளிக்கும் இப்படி ஓர் அதிர்வுத் திசை உண்டு, கம்பி போல ஒரு வடிகட்டியும் உண்டு. சரி, சரிபாதி சாய்ந்து அதிரும் ஒற்றை மணி நெட்டு வடிகட்டிக்கு வந்தால்? பாதி மணி போக வழியில்லை. முழுசாகப் போகும், இல்லையென்றால் முழுசாக நிற்கும். நூறு விட்டால் ஏறக்குறைய ஐம்பது தாண்டும். தாண்டியது பழைய சாய்வை மறந்து நெட்டாகவே வெளியே வரும்.

இங்கேதான் நாம் எல்லோரும் சறுக்குகிறோம். தாண்டுமா நிற்குமா என்பது மணிக்குள் முன்பே எழுதியிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கரைக்காரர்களுக்கு அந்த நினைப்பு இன்னும் இயல்பு. மன்னார் வளைகுடாப் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், மூழ்கி எடுத்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்ட கரை இது. உள்ளே முத்து உண்டா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. ஆனால் உண்டு என்றால் அது கடலடியிலேயே உண்டு. திறப்பதால் புதிதாக ஒன்றும் உருவாவதில்லை.

ஒளிமணி இந்தச் சிப்பி இல்லை. 1964-ல் ஜான் பெல் என்ற இயற்பியலாளர் ஒரு கணக்குப் போட்டார். சேர்ந்து பிறந்து பிரிந்த இரண்டு மணிகள், விடையை முன்பே மடியில் முடிந்துகொண்டு, வழியில் ஒன்றுக்கொன்று சேதி சொல்லாமல் போனால், அவற்றின் விடைகள் ஓர் எல்லைக்கு மேல் ஒத்துப்போக முடியாது. அளந்து பார்த்தபோது எல்லை உடைந்தது. கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். அப்படி மடியில் முடிந்து வந்த விடை எதுவும் இல்லை. அளக்கும்போதுதான் விடை பிறக்கிறது. அளப்பது என்றால் மனிதக் கண் பார்ப்பது என்றும் இல்லை. ஆளில்லாத அறையில் கருவி தொட்டாலும் அதே கதை. மனோசக்தி குவாண்டம் என்று வீடியோ போடுகிறவர்களை விட்டுவிடுவோம்.

இப்போது பூட்டு. 1984-ல் பென்னட், பிரசார்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொன்ன வழி இது. அனுப்புபவர் ஒவ்வொரு மணியையும் நெட்டு, கிடை, இரண்டு சாய்வு என்று மனம்போனபடி விடுவார். பெறுபவரும் வடிகட்டியை மனம்போனபடி, ஒரு தடவை நேராக, ஒரு தடவை சாய்வாக வைப்பார். பிறகு போனில் பேசி, வடிகட்டி பொருந்திய மணிகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். தாண்டியது 1, நின்றது 0 என்று எழுதினால் மிஞ்சும் வரிசைதான் சாவி. கடிதம் வழக்கமான வழியில், இந்தச் சாவியால் பூட்டப்பட்டுப் போகும். நடுவில் ஒருவன் எல்லா மணியையும் அளந்து திருப்பி விட்டால், பாதித் தடவை தவறான வடிகட்டியை வைப்பான். அந்த மணிகளின் சாய்வு கெடும். கடைசியில் சாவியில் நாலுக்கு ஒன்று பிசகும். சாவியில் ஒரு துண்டை இருவரும் வெளிப்படையாக ஒப்பிட்டாலே குட்டு உடைந்துவிடும். சாவியை வீசிவிட்டு மறுபடி தொடங்கலாம், கடிதம்தான் இன்னும் கிளம்பவில்லையே.

அகமதாபாத்தில் 2021 மார்ச்சில் இஸ்ரோ இதை இரவு வேளையில், 300 மீட்டர் திறந்தவெளியில் செய்து காட்டியது. 2025-ல் டெல்லி ஐ.ஐ.டி. தன் வளாகத்தில், பிணைந்த இரட்டை மணிகளைக் கொண்டு 1 கிலோமீட்டர் செய்து காட்டியது. பிழை 7 சதவீதத்துக்கும் கீழே. தரையிலேயே முடிகிறதென்றால், செயற்கைக்கோளில் ஏற்றி வானத்துக்கு ஏன் போக வேண்டும்? கண்ணாடி இழையில் வெகுதூரம் போனால் மணிகள் வழியிலேயே தொலைந்துபோகும். நடுவில் நகலெடுத்துத் தெம்பேற்றவும் முடியாது. திருடன் நகலெடுக்க முடியாததற்கும் அதே காரணம்தான். மேலே போனால் காற்றே சொற்பம். 2016-ல் சீனா ஏவிய மிசியஸ் செயற்கைக்கோள், 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு நிலையங்களுக்கு இரட்டை மணிகளை இறக்கியது. 2023-ல் ஒப்புதல் பெற்ற நம் தேசிய குவாண்டம் இயக்கம் செயற்கைக்கோள் வழியாக 2,000 கிலோமீட்டரைக் குறி வைத்திருக்கிறது.

கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "தெறக்குற வரைக்கும் முத்து இருக்குன்னும் சொல்லக்கூடாது, இல்லைன்னும் சொல்லக்கூடாது. அப்படித்தானே? இதை எவன் அண்ணாச்சி ஏலத்துல எடுப்பான்?"