வட்டு உள்ளே இருக்க ‘டிரைவ் காலி’ என்கிறதா கணினி? பழைய கல்யாண விசிடியைத் தூக்கி எறியாதீர்கள்

கேமரன் மலை – ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் பாட்டியின் வீடு இருக்கிறது. அலமாரியில் பழைய பிஸ்கட் டின் ஒன்று, அதற்குள் பதினொரு வட்டுகள். சின்ன மாமாவின் கல்யாணம் மூன்று விசிடி. கோயில் திருவிழா, சீமந்தம், பாலர் பள்ளி ஆட்டம் என்று மீதி. தாத்தா நடந்து, பேசி, சிரிக்கும் படம் அந்தக் கல்யாண வட்டுகளைத் தவிர வேறெதிலும் இல்லை. பிளேயர் கெட்டுப்போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. “கண்ணு, ஒன் கம்பியூட்டர்ல தாத்தா வருவாரான்னு பாரு” என்றார் பாட்டி.

இப்போதைய மடிக்கணினிகளில் வட்டு போடும் இடமே கிடையாது. யூஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிப் போனேன். வட்டு உள்ளே சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்டது. ஆனால், வட்டிலிருந்து படத்தைக் கோப்பாக எடுக்கும் மென்பொருள் ‘டிரைவ் காலி’ என்றது. மூன்று முறை போட்டும் அதே பதில்தான். “போச்சா?” என்று பாட்டி கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

போகவில்லை. ‘காலி’ என்றால் வட்டில் ஒன்றுமில்லை என்று பொருள் அல்ல. வட்டைப் போட்டதும் டிரைவ் முதலில் நடுத்துளையை ஒட்டிய உள்வளையத்தைத்தான் படிக்கும். இது என்ன வகை வட்டு, எங்கே என்ன இருக்கிறது என்ற விவரம் அங்கேதான் இருக்கிறது. அது படிக்க வரவில்லை என்றால், மீதி முழுவதும் நன்றாக இருந்தாலும் டிரைவ் கைவிரித்துவிடும். மென்பொருளுக்கு அது ‘காலி’.

வட்டில் பதிவு இருக்கிறதா என்பதை நம் கண்ணே சொல்லும். கடையில் பதிவு செய்து கொடுத்த வட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பதிவான பகுதி ஒரு நிறச்சாயலிலும், பதிவாகாத வெளிப்பகுதி வேறு சாயலிலும் தெரியும். அந்த எல்லைக்கோடு தெரிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. வட்டு முழுக்க நிரம்பியிருந்தால் கோடு தெரியாமலும் போகலாம். அதனால் கோடு இல்லை என்பதற்காக எறிந்துவிட வேண்டாம்.

அடுத்து, குறை வட்டிலா டிரைவிலா என்று பாருங்கள். கம்பெனியில் அச்சடித்த பாட்டு சிடி ஒன்று, சினிமா டிவிடி ஒன்று எடுத்து மாறி மாறிப் போடுங்கள். இரண்டும் ஓடினால் டிரைவ் நல்ல நிலையில் இருக்கிறது. சிடி ஓடி டிவிடி ஓடவில்லை என்றாலோ, டிவிடி ஓடி சிடி ஓடவில்லை என்றாலோ, டிரைவில் பாதி போய்விட்டது. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசரும் டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் லேசரும் தேவை. ஒன்று செத்து இன்னொன்று உயிரோடு இருப்பது பழைய டிரைவ்களில் சாதாரணம். விசிடி பெயரில் படம் இருந்தாலும் உடம்பு சிடிதான். அதனால் சிடி லேசர் போன டிரைவில் அது ஓடாது.

இரண்டுமே ஓடவில்லையா? மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் தருவதாகத்தான் கணக்கு. வட்டைச் சுழற்றத் தொடங்கும் நேரத்தில் டிரைவ் அதைவிட அதிகமாக இழுக்கலாம். சுற்றி, நின்று, மறுபடி சுற்றி, டிக் டிக் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் இதுதான். நடுவில் இருக்கும் யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள். இரண்டு தலையுள்ள கேபிள் இருந்தால் இன்னும் நல்லது.

மலைவாசிகளுக்கு இன்னொன்று. குளிர்ந்து கிடந்த டிரைவை அடுப்பங்கரைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் மூக்குக்கண்ணாடியைப் போல அதன் லென்ஸிலும் ஆவி படியும். ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

என் விஷயத்தில் முதல் தவறு என்னுடையதுதான். நான் திறந்த மேக்எம்கேவி, டிவிடிக்கும் புளூரேவுக்கும் உரியது. விசிடி அதற்கு அந்நியம். 1993இல் வந்த விசிடி முறையே வேறு. வட்டைக் கணினியில் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறை இருக்கும். படம் அதற்குள் ‘டேட்’ கோப்பாகக் கிடக்கும். விஎல்சி பிளேயரில் ‘வட்டைத் திற’ என்பதற்குப் போய் விசிடி என்று தேர்ந்தெடுத்ததும் முதல் வட்டு ஓடியது. ஒரு விசிடியில் 74 முதல் 80 நிமிடம் வரைதான் அடங்கும். அதனால்தான் நம் கல்யாணங்கள் எல்லாம் இரண்டு மூன்று வட்டுகளாக வந்தன.

இரண்டாவது வட்டில்தான் தாலி கட்டு. அதன் உள்வளையத்தில் எண்ணெய்க் கறை. இங்கே பலரும் செய்வது போல சாரோங் முனையை எடுத்து வட்டமாகத் தேய்த்துவிடாதீர்கள். பதிவு வட்டத்தடத்தில் ஓடுகிறது. குறுக்கே விழும் கீறலை டிரைவ் கணக்குப் போட்டுச் சமாளிக்கும். தடத்தோடு ஓடும் கீறலைச் சமாளிப்பது கடினம். ஈரமான மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். பற்பசை தேய்க்கும் வைத்தியம் வேண்டாம், அது மேலும் உராயும். சிடியில் படம் ஒட்டிய மேல்பக்கத்தைத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பதிவு அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. மாப்பிள்ளை பெண் படம் போட்ட ஸ்டிக்கர் உரிந்து வருகிறதே என்று பிடுங்கினால் பதிவும் சேர்ந்து வந்துவிடும்.

துடைத்த பிறகு வட்டு திறந்தது. ஆனால் ‘டேட்’ கோப்பை நகலெடுக்கும்போது பாதியில் நின்றது. ஒரு வட்டில் அதிகப் படம் அடங்க வேண்டும் என்பதற்காக, சாதாரண சிடி கோப்புகளுக்கு இருக்கும் பிழை திருத்தும் அடுக்கு ஒன்றை விசிடிப் படத்தில் விட்டுவிட்டார்கள். படத்தில் சிறு புள்ளி தெறிப்பதாக இருக்க வேண்டிய இடத்தில் விண்டோஸ் வேலையையே நிறுத்திவிடுகிறது. ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள்கள் கெட்ட இடத்தைத் தாண்டி மீதியை எடுக்கும். ஒரு டிரைவில் வராதது இன்னொன்றில் வருவதும் உண்டு. தானா ராத்தாவில் நண்பரின் பழைய மேசைக்கணினியில் போட்டபோது இரண்டாவதும் மூன்றாவதும் முழுதாக வந்தன.

பந்தியில் தாத்தா கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்: “படம் புடிச்சது போதும், போய்ச் சாப்புடு தம்பி.” பாட்டி அந்த இடத்தையே நாலு தடவை போடச் சொன்னார்.

இதெல்லாம் நம் சொந்தப் பதிவுகளுக்குத்தான். விற்பனைக்கு வந்த சினிமா டிவிடியின் பூட்டை உடைத்து நகலெடுப்பது 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வேறு விவகாரம். எடுத்த கோப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பெண்டிரைவில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று என்று வையுங்கள்.

டின்னில் இன்னும் ஒன்று திறக்கவில்லை. 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடி, சித்தப்பா அந்தக் காலக் கேமராவில் நேரடியாகப் பிடித்த திருவிழா. சாயல்கோடு தெளிவாகத் தெரிகிறது. கணினியோ இது வெற்று வட்டு, எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்கிறது. இப்படிக் கேட்டால் ‘ரத்து’ என்பதைத் தவிர வேறெதையும் அழுத்தாதீர்கள். ‘ஃபார்மட்’ கொடுத்தால் உள்ளதும் போய்விடும். பதிவு முடிந்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்து வட்டை மூடாமல் விட்டால் மற்ற கருவிகளுக்கு அது வெற்று வட்டுதான். பிடித்த கேமராவிலேயே, இல்லையென்றால் அதே ரகத்தில் ஒன்றில், போட்டு மூடிப் பார்ப்பது நல்ல வழி. சித்தப்பாவின் கேமரா வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. அதே ரகத்தில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.