மனை வாங்கும் முன் ஓடையைப் பாருங்கள்

சித்திரை மாதம் கோவில்பட்டி சுற்றுவட்டாரத்துக் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த நேரம் ஒரு மழை பெய்தால் பக்கத்து ஓடைக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. வெடிப்பே எல்லாவற்றையும் குடித்துவிடும். "இந்த ஊர்ல எங்கங்க வெள்ளம் வரப்போகுது?" என்று மனை விற்பவர் சொல்வதும் நாம் தலையாட்டுவதும் இதை வைத்துத்தான்.

அதே மண் கார்த்திகையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கரிசலில் இருக்கும் களி, நீர் பட்டதும் உப்பும், வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன் பிறகு மணிக்கு ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் கீழே இறங்கினாலே பெரிது. மண்ணை அது நீரை உள்ளே விடும் வேகத்தை வைத்து ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிப்பது பொறியாளர் வழக்கம். நனைந்த கரிசல் கடைசியான டி வகை. செவல் நிலத்தில் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் நடந்து போய்விடலாம். கரிசலில் செருப்பு சேற்றோடு நின்றுவிடும். இறங்காத தண்ணீர் ஓடித்தானே ஆக வேண்டும்? ஆண்டில் பத்து மாதம் காய்ந்து, வேலிக்கருவை மண்டிக் கிடக்கும் ஓடைகள் அந்தச் சில நாட்களுக்காகவே இருக்கின்றன.

அங்கே வீடு, சிமெண்ட் சாலை, கிராவல் நிரப்பிய மனை என்று வந்துவிட்டால் வெடிப்புக்கும் வழியில்லை. கோடை மழையும் நேரே ஓட ஆரம்பிக்கும். 5 சென்ட் மனையில் 10 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி கணக்கில் ஒன்றரை லாரிக்கு மேல்! நூறு மனை உள்ள லே-அவுட் என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அத்தனையும் ஓடைக்குப் பதிலாகப் போட்ட ஒரு குழாய்க்குள் போக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18-இல் கோவில்பட்டியில் ஒரே நாளில் 50 செ.மீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறத்தாழ 70 செ.மீ.தான். காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அவ்வளவு மழையை எந்த மண்ணும் தாங்காது, உண்மைதான். ஆனால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதை முடிவு செய்வது அதன் பாதை. கயத்தாறு, மணியாச்சிப் பக்கத்து மேட்டு நிலத் தண்ணீர் இறங்கிப்போய்ச் சேரும் கோரம்பள்ளம் குளம் உடைந்து, தூத்துக்குடி நகரம் மூழ்கியதைப் பார்த்தோம். மேலே அடைத்த ஓடைக்குக் கீழே இருப்பவர் விலை கொடுக்கிறார்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் செல்போனை எடுங்கள். வருவாய்த் துறையின் நில ஆவண இணையதளத்தில் (இசர்வீசஸ்.டிஎன்.ஜிஓவி.இன்) மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து அ-பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் எண் மட்டும் போதாதுங்க. அதை ஒட்டிய நாலு புல எண்களையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், கண்மாய் புறம்போக்கு என்று ஏதாவது வருகிறதா? புலப்படத்தில் அது எந்தப் பக்கம் போகிறது? நகர நில அளவைப் பகுதி என்றால் வார்டு, பிளாக் எண்ணும் தேவைப்படும். பதிவேட்டில் ஏறாத பள்ளங்களும் உண்டு. அதற்கு இணையதளம் உதவாது, அந்தக் காட்டில் ஆடு மேய்க்கும் பெரியவரைத்தான் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே வீடு கட்டிவிட்டீர்களா? மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். ஆனால் கரிசலில் சுவரை ஒட்டி உறிஞ்சு குழி தோண்டாதீர்கள். தண்ணீர் இறங்காமல் நின்று, மண் உப்பி, சுவரில் விரிசல் விடும். கூரைத் தண்ணீரை வடிகட்டி தரைத்தொட்டிக்கோ, பழைய கிணற்றுக்கோ விடுவதே சரி.

ஓடையை யாராவது மூடினால் முதல்வரின் முகவரி எண் 1100-இல் புல எண்ணோடு புகார் சொல்லுங்கள். எண் இருந்தால் எந்த இடம் என்று தேடி அலைய வேண்டியிருக்காது. வெள்ள நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. மழை எச்சரிக்கைக்கு 'டிஎன் அலர்ட்' செயலியைப் புரட்டாசியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் டவர் கிடைக்குமோ என்னவோ.