செர்ட்: மூடிப்போன கடலின் தரை
சிங்கப்பூரின் தோ பாயோ பூங்காவில் வெறுங்காலோடு நடக்கப் பதித்திருக்கும் கூழாங்கற்களில் எது செர்ட் என்னும் சிலிக்காக் கல்? மேற்பரப்பைப் பார்த்துச் சொல்வது கடினம். தேய்ந்து வழவழப்பான எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் மினுங்கும். உடைந்த முகம் வேண்டும். பூச்செடிக் கடையில் ஒரு பை கூழாங்கல் வாங்கினால் உடைந்தது ஒன்றிரண்டு இருக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள். இரும்புத்துரு சேர்ந்தால் சிவப்பு, கரிமம் சேர்ந்தால் கறுப்பு. லென்ஸ் வைத்தாலும் மணிமணியாகத் தெரியாது. உடைப்பு, சிப்பியின் உட்புறம்போல் வளைந்திருக்கும். மங்கலான மெழுகுப் பளபளப்பு. பேனாக்கத்தியால் கீறினால் கல்லில் கீறல் விழாது, கத்தியின் உலோகம்தான் சாம்பல் கோடாக ஒட்டும். சுண்ணாம்புக்கல்லின் தூளில் வினிகர் விட்டால் நுரைக்கும், இதில் நுரைக்காது.

சிக்கிமுக்கிக் கல்லும் இந்த இனமே. இரும்பில் தட்டினால் எழும் பொறி இரும்பினுடையது: கல்லின் கூர்விளிம்பு சீவியெடுக்கும் இரும்புத்துகள் காற்றில் எரிகிறது. அந்தக் கூர்மையைத் திருநெல்வேலிச் சீமையின் தேரிமணலில் வாழ்ந்தவர்கள் அறிந்திருந்தார்கள். சாயர்புரம் பகுதியில் கிடைத்த சிறு கற்கருவிகள் செர்ட்டிலும் குவார்ட்ஸிலும் செதுக்கியவை. 1956-இல் ஆய்வாளர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

செர்ட் பலவிதமாக உருவாகும். என்னை அதிகம் ஈர்ப்பது ஆழ்கடல் வகை. ரேடியோலேரியா என்னும் ஒற்றைச்செல் உயிர்கள் கடல்நீரிலுள்ள சிலிக்காவை எடுத்துக் கூடு கட்டுகின்றன; இறந்ததும் கூடு கீழே இறங்குகிறது. மிக ஆழத்தில் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிடும், சிலிக்கா தங்கும். அந்தச் சேறு புதையுண்டு இறுகி, கண்ணுக்குத் தெரியாத குவார்ட்ஸ் படிகங்களாகிறது.

இப்படிப்பட்ட செர்ட் மலேசியாவில் பெந்தோங், ராவுப் வட்டாரத்தில் மெல்லிய அடுக்குகளாக வெளிப்பட்டிருக்கிறது. அங்கே பழைய டெதிஸ் என்ற கடல் மூடி, இரு நிலத்துண்டுகள் ஒட்டிக்கொண்டன. மூடும்போது கடல்தரை கிழக்கே பூமிக்குள் இறங்கியது. அதனால் மேலே பாறை உருகிக் குழம்பானது. அது இறுகியதுதான் தோ பாயோவின் அடியிலுள்ள புக்கித் தீமா கருங்கல்.

கடலின் வயதைச் சொல்வதும் செர்ட்தான். ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் ஊறவைத்தால் கூடுகள் வெளிப்படும் (கொடிய அமிலம், வீட்டில் வேண்டாம்). காலத்துக்குக் காலம் கூட்டின் வடிவம் மாறியிருக்கிறது. பெந்தோங்–ராவுப் செர்ட்டில் டெவோனியன் காலம் முதல் பெர்மியன் காலம் வரையிலான கூடுகள் உள்ளன: அந்தக் கடல் நூறு மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் திறந்திருந்தது.