கோழி ஏன் கூட்டில் முட்டையிடுவதில்லை?



கோழி கொக்கரிக்கிறது. கூட்டைத் திறந்து பார்த்தால் முட்டை இல்லை. தங்கா பத்து வட்டாரத்தில் கொல்லையில் நாலு கோழி வளர்க்கும் எவருக்கும் இது பழகிய ஏமாற்றம். முட்டைக்கான அரசாங்க உதவித்தொகை 2025 ஆகஸ்ட் முதல் தேதியோடு நின்றுவிட்டது. இந்நிலையில் நாளுக்கு இரண்டு முட்டை காணாமற்போவது சிறிய நட்டமன்று.

ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று நமக்கு உண்டு. தோட்டங்களில் பால்மரம் குறைந்து செம்பனை வந்தபிறகு, வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கு நடுவே அடுக்கிவைக்கிறார்கள். அந்த அடுக்கின் அடியிலே கோழி முட்டையிடும். எலியைத் தேடி வரும் நாகமும் அங்கேதான் படுத்திருக்கும். முட்டை எடுக்கப் பிள்ளைகளைத்தானே நாம் அனுப்புகிறோம்! எங்களிடம் படித்த சிறுவன் ஒருவன் அப்படித்தான் கையை விட்டான். சீறல் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டதால் பிழைத்தான். மறுநாள் வகுப்பில் அவன் அதை வீரக்கதையாகச் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கோழியைத் திட்டிப் பயனில்லை. வீட்டுக்கோழியின் மூதாதை காட்டுக்கோழி. மலாய்க்காரர் ஆயாம் ஹூத்தான் என்று சொல்லும் அந்தப் பறவை இன்றும் நம் செம்பனைக் காடுகளில் மேய்வதைக் காணலாம். தரையில் முட்டையிடும் பறவைக்கு மறைவுதான் பாதுகாப்பு. ஆகவே இருட்டாக, மெத்தென்று, ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்கும் இடத்தை அது தேடுகிறது. எடின்பரோ நகரில் உட்-கஷ், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1960களில் இதை ஆராய்ந்தார்கள். மஞ்சள் கரு சினைப்பையை விட்டுப் பிரிந்ததும் அங்கே ஒரு வெறும் பை எஞ்சுகிறது. அதில் சுரக்கும் நீரே, ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, கோழியைக் கூடு தேடி அலையவைக்கிறது என்று கண்டார்கள். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு, முட்டையிட மறைவிடம் இல்லாத வெறும் கம்பிக்கூண்டுகளை 2012 சனவரி முதல் தடைசெய்ததற்கு இத்தகைய ஆய்வுகள் துணைநின்றன.

அப்படியானால், மட்டையடுக்கில் கிடைக்கும் சுகத்தை நம் கூட்டுக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டியதுதான். நீள அகல உயரம் ஓரடி இருக்கும் மரப்பெட்டி போதும். தகர டின் வேண்டாம். நம் வெயிலில் அது அடுப்பாகிவிடும். உமியோ காய்ந்த லாலாங் புல்லோ கனமாகப் பரப்புங்கள். அது சிந்தாமல் இருக்க வாசலில் நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு பலகை அடியுங்கள். மேற்பாதியில் கோணித்துண்டு தொங்கவிட்டால் உள்ளே இருட்டு வந்துவிடும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி கணக்கு. மூன்று பெட்டி வைத்தாலும், சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் நிற்பதைப்போல, எல்லாம் ஒன்றுக்கே வரிசை நிற்கும். அது கோழியின் இயல்பு, விட்டுவிடுங்கள்.

பலரும் தவறுவது ஓரிடத்தில். பெட்டியை உயரத்திலும், இரவில் அமரும் கம்பைத் தாழ்விலும் வைத்துவிடுகிறார்கள். கோழி தூங்குவதற்கு உயரமான இடத்துக்கே ஏறும். இரவெல்லாம் பெட்டியில் படுத்து எச்சமிட்டால், காலையில் முட்டையிட வரும் கோழி முகம் சுளித்துக்கொண்டு வெளியே போகாதா? கம்பு மேலே, பெட்டி கீழே இருக்கட்டும். செள்ளுப் பிடித்த பெட்டியிலும் கோழி உட்காராது. வாரம் ஒருமுறை பழைய புல்லைக் கொளுத்திவிட்டுப் புதியது போடவேண்டும்.

பெட்டி இருந்தும் பழகாத கோழிக்கு இரண்டு உபாயம் உண்டு. ஒன்று, பொய்முட்டை. வெள்ளையடித்த கூழாங்கல்லோ கோல்ப் பந்தோ உள்ளே கிடந்தால், ‘இங்கே இன்னொருத்தி நம்பி இட்டிருக்கிறாள்’ என்று வெடைக்கோழி நம்பிவிடும். நல்ல முட்டையை அப்படி விட்டுவைக்கக் கூடாது; உடும்பை விருந்துக்கு அழைத்ததாகிவிடும். மற்றொன்று, காலையில் திறந்துவிடாமல் இருப்பது. பெரும்பாலான முட்டைகள் காலை 10 மணிக்குள் விழுந்துவிடும். இரண்டு வாரத்துக்குப் பத்தரை மணிவரை, தீனியும் தண்ணீரும் வைத்து, உள்ளேயே அடைத்துவையுங்கள். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆவதால், நாளுக்கு நாள் நேரம் சற்றுத் தள்ளிப்போகும். பிறகு ஒரு நாள் ஓய்வு. ஆகவே ஒருநாள் முட்டை இல்லையென்றவுடன் சந்தேகப்பட வேண்டாம்.

புதரில் பழைய குவியல் ஒன்று அகப்பட்டால், பெரியவர்களே நீண்ட கழியால் தட்டிப்பார்த்து எடுக்கவேண்டும். முட்டையைத் தண்ணீரில் போடுங்கள். படுத்தால் புதியது, நின்றால் நாள்பட்டது, மிதந்தால் குழியில் புதைத்துவிடுங்கள். எடுத்தபின் அந்த இடத்தை மூடிவிடவேண்டும், இல்லையேல் மறுநாளும் கோழி அங்கேதான் போகும். அங்கேயே அடை உட்கார்ந்துவிட்டதோ, பகலில் கலைக்காதீர்கள். நன்றாக இருட்டியபின், விளக்கோடு சென்று, கோழியையும் முட்டைகளையும் கூடையில் எடுத்துவந்து பெட்டியில் வைத்து மூடிவிட்டால், விடியும்போது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அடை உட்கார்ந்த நாளிலிருந்து 21ஆம் நாள் குஞ்சுகள் வெளிவரும்.