பழைய ஹார்ட் டிஸ்க் எங்கே போகிறது?

தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, சிட்லப்பாக்கம் போன்ற பகுதிகளில், ஒரு வீட்டின் மடிக்கணினி என்பது பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியவர்களின் அலுவலக வேலைக்கும் பொதுவான கருவியாக இருப்பதோடு, வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆதார் அட்டை, படிவம் 16, மதிப்பெண் பட்டியல், திருமணப் புகைப்படங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்து கிடக்கும் இரும்புப் பெட்டியாகவும் இருக்கிறது. அந்தக் கருவி வேகம் குறைந்து, திறப்பதற்கே பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வரும்போது, பெட்டி சாவியோடு பழுதுபார்ப்பவரின் கைக்குப் போகிறது. வேகத்தைக் குறைக்கும் பாகமும் தகவல்களைச் சுமக்கும் பாகமும் பெரும்பாலான பழைய கணினிகளில் ஒன்றேதான் என்பதால், வேகக் குறைவையும் தகவல் பாதுகாப்பையும் இரண்டு தனிச் சிக்கல்களாகப் பார்க்கும் வழக்கமான பார்வை தவறானது.

அந்தப் பாகம் ஹார்ட் டிஸ்க், அதாவது தகவல்களைக் காந்தப் புள்ளிகளாகப் பதிந்து வைக்கும் சுழல்தட்டு. மடிக்கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட சுழல்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடி ஆகிறது. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகரவும், தேவையான இடம் சுழன்று முனைக்குக் கீழே வரவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிறு கோப்புகளை வினாடிக்கு நூறு கூட இத்தட்டால் எடுத்துத் தர இயலாது. இன்றைய இயக்குதளமோ (கணினியின் பாகங்களையும் செயலிகளையும் ஒருங்கே ஆளும் அடிப்படை மென்பொருள்) திறக்கும்போதே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் திறக்கும் டாஸ்க் மேனேஜர் பட்டியலில், சிபியு (கணக்கிடும் செயலிச் சில்லு) என்ற பத்தி பத்து, பதினைந்து விழுக்காட்டில் சும்மா இருக்க, டிஸ்க் என்ற பத்தி மட்டும் 100 என்று சிவந்து நிற்பதை எவரும் காணலாம். சமையற்காரர் கைகட்டி நிற்கிறார், மளிகை வந்து சேரவில்லை என்பதுதான் அதன் பொருள்.

அசையும் பாகம் எதுவுமின்றி மின்னணுச் சில்லுகளில் தகவலைத் தேக்கும் எஸ்எஸ்டி, இதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. ஆகவே சுழல்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவது, பத்தாண்டு பழைய மடிக்கணினிக்குச் செய்யக்கூடிய வைத்தியங்களில் முதன்மையானது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கிய கருவிகள் ஐம்பது லட்சத்தைத் தாண்டும்; அவற்றில் தொடக்க ஆண்டுகளின் கருவிகள் 2 ஜிபி ரேமும் சுழல்தட்டும் கொண்டவை. ரேம் என்பது வேலை நடக்கும்போது கோப்புகளை விரித்து வைக்கும் மேசை போன்றது. மேசை சிறியதானால் கணினி அடிக்கடி சுழல்தட்டை நாட நேரிடுவதால், ஒரு குறை இன்னொன்றைப் பெருக்குகிறது. இத்தகைய கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டால் பாடக்குறிப்புக்கும் இணையத்துக்கும் இன்னும் சில ஆண்டுகள் அது உழைக்கும்.

மந்தத்துக்குத் தூசியும் வெப்பமும் இன்னொரு காரணம். விசிறியின் காற்றுவழியில் தூசி படிந்து, செயலிச் சில்லின் மீது பூசிய வெப்பக்கடத்திப் பசை காய்ந்துவிட்டால், சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது. மெத்தையின் மீது வைத்துப் பயன்படுத்தும் பழக்கம் சித்திரை வெயிலில் இதை இரட்டிப்பாக்குகிறது. கணினியோடு தானே தொடங்கும் தேவையற்ற செயலிகள், ஒன்றுக்கு இரண்டாக நிறுவப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் ஆகியவற்றை நீக்குவது வீட்டிலேயே ஐந்து நிமிட வேலை.

ஆனால் சுழல்தட்டின் மந்தம் எப்போதும் முதுமை மட்டுமல்ல, சில நேரம் அது மரணத்தின் முன்னறிவிப்பு. தட்டில் பழுதான பகுதிகள் பெருகும்போது, படிக்க முடியாத இடத்தைத் தட்டு திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால் கணினி உறைந்து நிற்கிறது. தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவேட்டை, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் எடுத்துக் காட்டும். அதில் மஞ்சள் எச்சரிக்கை தெரிந்தாலோ, தட்டிலிருந்து டிக் டிக் என்ற ஓசை கேட்டாலோ, வேகப்படுத்தும் முயற்சி அனைத்தையும் நிறுத்திவிட்டு, முதலில் கோப்புகளை வேறோர் இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். அந்நிலையில் டிஃபிராக் என்ற ஒழுங்குபடுத்தும் கருவியை ஓட்டுவது, மூச்சுத்திணறும் நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வதற்கு ஒப்பாகும்.

நகல் எத்தனை, எங்கே என்பதற்கு உலகெங்கும் வழங்கும் ஒரு கணக்கு உண்டு: மூன்று நகல், இரு வேறு வகைச் சாதனம், அவற்றில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. மூன்றாவது நிபந்தனையைத் தென் சென்னைப் புறநகர்வாசிகளுக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, மடிக்கணினியும் அதன் நகலிருந்த வெளித்தட்டும் ஒரே அலமாரியின் அடித்தட்டில் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே நனைந்திருக்கும். மேட்டுப் பகுதியில் வசிக்கும் உறவினர் வீட்டில் பூட்டுப்போட்ட ஒரு நகல் இருப்பது நல்லது.

அடுத்தது கடை. நகரின் கணினி வணிகத்துக்குப் பெயர்பெற்றது அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு என்றாலும், புறநகர்வாசி பெரும்பாலும் நாடுவது பக்கத்துத் தெருவின் சிறிய சர்வீஸ் கடையைத்தான். அங்கே கேட்கும் முதல் கேள்வி “பாஸ்வேர்ட் என்ன சார்?” என்பதும், முதல் தீர்ப்பு “ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டுடலாம்” என்பதும் ஆகும். இரண்டுமே பொருளறிந்து பதில் சொல்ல வேண்டியவை. கணினியைத் திறக்கும் கடவுச்சொல்லோ பின் எண்ணோ கைமாறும்போது, உலாவியில் சேமித்துவைத்த மின்னஞ்சல், வருமான வரித் தளம், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொற்களும் சேர்ந்தே கைமாறுகின்றன. ஏனெனில் அவற்றைத் திரையில் காட்டுவதற்கு உலாவி கேட்பது அதே பின் எண்ணைத்தான். வெளியேறாமல் விட்ட வாட்ஸ்அப் வெப் எந்தக் கடவுச்சொல்லும் கேட்பதில்லை.

இது வீண் அச்சமல்ல. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நடப்பவற்றை மறைவாகப் பதிவுசெய்யும் ஏற்பாட்டோடு மடிக்கணினிகளை 16 பழுதுபார்க்கும் கடைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கடைகளில் வாடிக்கையாளரின் சொந்தக் கோப்புகள் திறந்து பார்க்கப்பட்டதும், இரண்டில் அவை நகலெடுக்கப்பட்டதும் வெளிப்பட்டன. பெண்களுடையவை போல அமைத்த கணினிகளில்தான் இது அதிகம் நடந்தது. பேட்டரி மாற்றுவது போன்ற, கடவுச்சொல்லே தேவைப்படாத வேலைக்கும் பெரும்பாலான கடைகள் அதைக் கேட்டன. ஹாங்காங்கில் 2008இல் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் ஊரெங்கும் பரவியதும், அவர் பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினியிலிருந்து ஒரு தொழில்நுட்பப் பணியாளர் அவற்றை நகலெடுத்ததால்தான். நம்மூர்க் கடைக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் நேர்மையாகப் பிழைப்பவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பூட்டு என்பது நேர்மையானவர்களை அவமதிக்கும் பொருளல்ல.

ஃபார்மேட் என்ற சொல்லும் மயக்கம் தருவது. கோப்பை அழிக்கும்போதோ, விரைவு முறையில் ஃபார்மேட் செய்யும்போதோ, கணினி பொதுவாக நீக்குவது அக்கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் அட்டவணைக் குறிப்பை மட்டுமே. நூலகத்தின் அட்டவணை அட்டையைக் கிழித்த பின்னும் நூல் அலமாரியிலேயே இருப்பது போல, சுழல்தட்டில் உள்ள தகவல் அதன் மீது வேறொன்று எழுதப்படும் வரை மீட்கக்கூடியதாகவே இருக்கிறது. ஆகவே உரிமையாளருக்கு “எல்லாம் போய்விட்டது”, தேடத் தெரிந்தவருக்கு எல்லாம் இருக்கிறது என்ற விசித்திர நிலை உண்டாகிறது. சுழல்தட்டைக் கைவிடும் முன் முழுவதும் ஒருமுறை மேலெழுத வேண்டும். எஸ்எஸ்டியோ தேய்மானத்தைச் சமன்செய்ய எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டிருப்பதால், மேலெழுதுவதை நம்பாமல், தயாரிப்பாளர் தரும் முழு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கினால், சிறந்த வழி எளிமையானதாகவே இருக்கிறது. கணினியைக் கடையில் விடுவதற்கு முன், சுழல்தட்டை உரிமையாளரே கழற்றிக்கொள்ள வேண்டும், அல்லது தம் கண்ணெதிரே கழற்றச் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். பல பழைய மாதிரிகளில் இது சில திருகாணிகளைக் கழற்றும் வேலைதான். கடைக்காரர் புதிய எஸ்எஸ்டி பொருத்தி, இயக்குதளத்தைப் புதிதாக நிறுவித் தரட்டும். பழைய தட்டைச் சில நூறு ரூபாய் விலையுள்ள யுஎஸ்பி உறையில் போட்டு, தேவையான கோப்புகளை வீட்டில் வைத்து மாற்றிக்கொள்ளலாம். பணியாளருக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, கோப்புகளும் கண்ணில் படுவதில்லை, சந்தேகத்துக்கும் இடமில்லை. பழைய தட்டை அப்படியே புதியதில் படியெடுக்கும் குளோன் முறை வசதியானதே என்றாலும், பல ஆண்டுக் குப்பையும் சேர்ந்து புதிய வீட்டுக்குக் குடிவருவதாலும், தட்டு முழுவதும் பிறர் கணினி வழியே போவதாலும் அது இரண்டாம்பட்சம்.

சேமிப்புச் சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட புதிய மாதிரிகளில் கழற்றும் வழி இல்லை. அங்கே காப்பு மறையாக்கம் ஒன்றே; அதாவது திறவுகோல் இல்லாதவருக்குத் தகவல் முழுவதும் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும்படி மாற்றி வைப்பது. மறையாக்கம் செய்யாத கணினியில் நுழைவுக் கடவுச்சொல் வாசற்கதவின் தாழ்ப்பாள் மட்டுமே; பென்டிரைவில் உள்ள லினக்ஸ் என்ற வேறோர் இயக்குதளத்தைக் கொண்டு கணினியைத் தொடங்கினால் பின்வாசல் திறந்தே இருக்கும். விண்டோஸின் பிட்லாக்கர் இதற்கானது. அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்தாதவர், தாய்ப்பலகை மாற்றிய பிறகு தம் கோப்புகளுக்குத் தாமே அந்நியராவார்.

எந்த இயக்குதளம் என்பதும் பாதுகாப்பைச் சார்ந்ததே. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11ஐயோ பழைய செயலிச் சில்லுகள் கொண்ட கருவிகள் முறைப்படி ஏற்பதில்லை. இந்த இடைவெளியில்தான் உரிமம் உடைத்த விண்டோஸ் நுழைகிறது. அதை இயக்கும் சிறு நிரல்கள் பெரும்பாலும் வைரஸ் காப்பை அணைக்கச் சொல்லியே தொடங்குவதால், மெதுவான கணினியைச் சீராக்கப் போய்த் திருட்டுக்குக் கதவு திறந்ததாக முடியும். லினக்ஸ் மிண்ட், லுபுண்டு போன்ற இலவச, கட்டற்ற இயக்குதளங்கள் இதற்கு நேர்மையான மாற்று. அஸ்தினாபுரத்துக்கு அருகில், 1949இல் சி. ராஜம் நிறுவிய குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி) வளாகத்தில் இயங்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையம், மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னை மையத்தோடு சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005இல் தொடங்கியது; அந்த முயற்சியில் பிறந்து 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ்தான் பின்னர் அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம்பெற்றது. அதைத் திறந்து பாராமலே அழித்துவிட்ட மாணவர்கள் ஏராளம். 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் லினக்ஸைத் தமிழிலேயே கற்பிக்கிறது.

பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்து தகவலைத் திருடும் விஷயத்தில் சட்டம் ஊமையல்ல. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உரிமையாளரின் இசைவின்றிக் கணினியிலிருந்து தகவலை நகலெடுப்பதை 43ஆம் பிரிவில் தடுக்கிறது. ஒப்பந்தப்படி சேவை செய்யும்போது கிடைத்த சொந்தத் தகவலைத் தீய நோக்குடன் வெளியிடுவோருக்கு 72ஏ பிரிவு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. பண இழப்பு நேர்ந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். எனினும், எப்போது யார் நகலெடுத்தார் என்று நிறுவுவது கடினம் என்பதால், வழக்கைவிட ரசீதே வலிமையானது.

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டிய சீட்டிலும் அச்சிட்ட ஒரு வரிசை எண் இருக்கிறது. தட்டைக் கழற்றாமல் கணினியைக் கொடுக்க நேர்ந்தால், அந்த எண்ணைக் கடைக்காரரின் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்; திரும்ப வாங்கும்போது, புதியது பொருத்தப்பட்டிருந்தால், பழையதைக் கேட்டு, எண்ணை ஒத்துப் பார்த்து, கையோடு எடுத்து வாருங்கள்.