உங்களுக்குத் தெரியுமா? 2024-ன் ராக் ஆல்பங்கள்

ராக் இசை இளவட்டங்களின் சொத்து என்று ஒரு பேச்சு உண்டு. 2024-ல் வந்த நல்ல ராக் ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் அந்தப் பேச்சு ஆட்டம் காணும். அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள், உறவுகளைப் பறிகொடுத்ததையும் உடம்பு தளர்ந்ததையும் பூசி மெழுகாமல் பாடினார்கள். இருபதுகளில் இருப்பவர்கள் தங்கள் படபடப்பையும் அசட்டுத்தனத்தையும் அப்படியே பாடினார்கள். இந்த ஆல்பங்கள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டதற்கு அந்த ஒளிவுமறைவற்ற குணமே காரணம். நம்மைக் கவர்ந்தவற்றைப் பற்றிச் சில துணுக்குகள்:

இழப்பைப் பாடியவர்கள்

● இங்கிலாந்தின் 'தி க்யூர்' குழு 2008-க்குப் பிறகு புது ஆல்பம் எதுவும் தரவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 1 அன்று 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வெளிவந்தது. மொத்தமே எட்டுப் பாடல்கள். முதல் பாடலான 'அலோன்' தொடங்கி மூன்று நிமிடம் தாண்டிய பிறகுதான் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கிறார். கடைசிப் பாடலான 'எண்ட்சாங்'கில் ஆறு நிமிடத்துக்கும் மேல் வெறும் இசைதான். துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் யாரும் பேச்சைத் தொடங்காத அந்தச் சில நிமிடங்களைப் போல இருக்கிறது அந்த முன்னிசை. அவசரப்படாததுதான் அதன் பலம்.

● அதே ஆல்பத்திலுள்ள 'ஐ கேன் நெவர் சே குட்பை', தன் அண்ணன் ரிச்சர்டின் மறைவை நினைத்து ஸ்மித் எழுதியது. ஆல்பம் வருவதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 2022 அக்டோபரில், போலந்தின் கிராகோவ் நகர மேடையில் அதைப் பாடிவிட்டார். எட்டில் ஐந்து பாடல்கள் இப்படி மேடையில் பாடிப் பாடிப் பழுத்த பிறகே ஆல்பத்துக்கு வந்தன. பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடம். இதற்கு முன் அந்த இடத்தை இந்தக் குழு பிடித்தது 1992-ல், 'விஷ்' ஆல்பத்துக்கு!

● ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ் 2015-ல் ஒரு மகனையும் 2022-ல் இன்னொரு மகனையும் இழந்தவர். முதல் இழப்புக்குப் பின் வந்த 'ஸ்கெலிட்டன் ட்ரீ', 'கோஸ்டீன்' இரண்டும் இருள் கவிந்தவை. 2024 ஆகஸ்டில் 'பேட் சீட்ஸ்' குழுவோடு தந்த 'வைல்ட் காட்' வேறு ரகம். பின்னணிக் குரல்கள் கூட்டமாக எழும்பி ஆர்ப்பரிக்கின்றன. 'ஜாய்' என்றே ஒரு பாட்டு. சோகம் தீர்ந்துவிட்டதாக அவர் எங்கும் சொல்லவில்லை. சோகத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சிரிக்க முடியும் என்று காட்டுகிறார். வீட்டில் ஒரு சாவைப் பார்த்த எவருக்கும் இது புரியும்.

● அதே ஆல்பத்தில், 2021-ல் மறைந்த தன் பழைய தோழியும் பாடல் கூட்டாளியுமான அனிடா லேனை நினைத்து ஒரு பாட்டு வைத்திருக்கிறார் கேவ். பாட்டின் நடுவே, தொலைபேசியில் பதிவான அனிடாவின் குரலே சிரித்துப் பேசுகிறது. ஆல்பத்தில் பேஸ் கிடார் வாசித்தவர்களில் ஒருவர், 'ரேடியோஹெட்' குழுவின் காலின் கிரீன்வுட்.

● சிகாகோவின் ஸ்டீவ் ஆல்பினி, 'நிர்வானா' குழுவின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தைப் பதிவுசெய்தவர். பெயர்பெற்ற ஆல்பங்களுக்கு வேலை செய்தும் ராயல்டி வாங்க மறுத்தவர். பிளம்பருக்குக் கொடுப்பதுபோலச் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று நிர்வானாவுக்குக் கடிதமே எழுதினார். 2024 மே 7 அன்று, 61 வயதில் காலமானார். பத்தே நாளில், முன்பே நாள் குறித்திருந்தபடி, அவருடைய 'ஷெல்லாக்' குழுவின் 'டு ஆல் ட்ரெய்ன்ஸ்' வெளியானது. பத்தாண்டுகளுக்குப் பின் வந்த ஆல்பம், ஓடுவது அரை மணி நேரம்கூட இல்லை. அதன் கடைசிப் பாட்டு நரகத்துக்குப் பயப்படாத ஒருவனைப் பற்றியது. எழுதும்போது அது குறும்பு. கேட்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது.

● ஆல்பினியின் கைபட்ட இன்னொரு ஆல்பமும் அதே ஆண்டு நவம்பரில் வந்தது: கிம் டீலின் 'நோபடி லவ்ஸ் யூ மோர்'. 'பிக்ஸீஸ்' குழுவில் பேஸ் வாசித்து, 'தி பிரீடர்ஸ்' குழுவைத் தொடங்கி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் களத்தில் இருந்தும், தன் பெயரில் அவர் தந்த முதல் முழு ஆல்பம் இதுதான். அப்போது அவருக்கு வயது 63. அல்சைமர் நோயால் நினைவு தப்பிய தாயை உடனிருந்து கவனித்துக்கொண்டவர் அவர். மகளைப் பார்த்து "நீ என் பிள்ளையா?" என்று அந்தத் தாய் கேட்ட கேள்விதான் 'ஆர் யூ மைன்?' பாட்டுக்கு விதை. காதல் பாட்டு என்று நினைத்துக் கேட்கத் தொடங்குபவர்கள், கதை தெரிந்த பிறகு இன்னொரு முறை கேட்காமல் விடமாட்டார்கள்.

வயது ஒரு தடையா?

● 'பிங்க் ஃபிளாய்ட்' புகழ் டேவிட் கில்மர் 78 வயதில், 2024 செப்டம்பர் 6 அன்று, 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' ஆல்பத்தைத் தந்தார். ஒன்பது ஆண்டுகளில் அவருடைய முதல் தனி ஆல்பம். தலைப்புப் பாடலில் கீபோர்டு வாசிப்பவர், அதே 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவின் ரிச்சர்ட் ரைட். ஆனால் ரைட் 2008-லேயே காலமாகிவிட்டாரே! கில்மர் வீட்டுக் கொட்டகையில் 2007-ல் எல்லோரும் சும்மா கூடி வாசித்ததன் பதிவு பத்திரமாக இருந்தது. அதன்மேல் புதுப் பாட்டு கட்டினார்கள்.

● இந்த ஆல்பம் ஏறக்குறைய ஒரு குடும்பத் தயாரிப்பு. பெரும்பாலான பாடல்களை எழுதியவர் கில்மரின் மனைவி பாலி சாம்சன். 'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' பாட்டை ஹார்ப் வாசித்தபடி பாடியவர் மகள் ரோமனி. தயாரிப்பாளர் சார்லி ஆண்ட்ரூவுக்குக் கில்மரின் பழம்பெருமை அவ்வளவாகத் தெரியாது. அதனால், "இந்த இடத்தில் கிடார் சோலோ எதற்கு?" என்று கூசாமல் கேட்டாராம். உலகமே கும்பிடும் கிடார் வித்தகரிடம் அப்படிக் கேட்க ஆள் இருந்ததாலோ என்னவோ, ஆல்பத்தில் தேவையில்லாத ஆடம்பரம் இல்லை.

● ஹெவி மெட்டல் குழுவான 'ஜூடாஸ் ப்ரீஸ்ட்', தன் முதல் ஆல்பம் வந்து ஐம்பதாவது ஆண்டில், 2024 மார்ச் 8 அன்று, 'இன்வின்சிபிள் ஷீல்டு' தந்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது 72 வயது. கிடார் கலைஞர் கிளென் டிப்டன் பார்க்கின்சன் நோயோடு போராடுபவர். இன்னொரு கிடார் கலைஞர் ரிச்சி ஃபால்க்னருக்கோ, 2021-ல் அமெரிக்காவில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே இதயத்திலிருந்து வரும் மகாதமனி கிழிந்துவிட்டது. பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பத்து மணி நேர அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தார். வெல்ல முடியாத கேடயம் என்று இவர்கள் பாடினால் யார் மறுக்க முடியும்?

● 'சோனிக் யூத்' குழுவில் பெயர்பெற்ற கிம் கார்டன், 71-ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு 'தி கலெக்டிவ்' வெளியிட்டார். முதல் பாட்டான 'பை பை', ஊருக்குக் கிளம்புகிற ஒருவர் பெட்டியில் எடுத்துவைக்கும் சாமான்களின் பட்டியல். அவ்வளவுதான் பாட்டு! அதிரும் தாளம், தயாரிப்பாளர் ஜஸ்டின் ரைசன் ராப் கலைஞர் ப்ளேபாய் கார்ட்டியை மனத்தில் வைத்துச் செய்தது. சாதாரணப் பட்டியலும் அந்தத் தாளத்தில் ஏறும்போது, எதையோ விட்டுத் தப்பி ஓடுகிறவரின் பதற்றமாகிவிடுகிறது.

● 2025 பிப்ரவரியில் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் 'ஹாக்னி டயமண்ட்ஸ்'. ஆனால் அது வெளிவந்தது 2023 அக்டோபரில். கிராமியின் கணக்கில் அந்த ஆண்டு 2023 செப்டம்பர் நடுவில் தொடங்கி 2024 ஆகஸ்டு இறுதியில் முடிந்தது. 2023-லேயே வந்துவிட்டதால்தான் நம் பட்டியலில் இது இடம்பெறவில்லை.

பழையதும் புதியதும்

● 'கிரீன் டே' குழுவுக்கு 2024 இரட்டை விழா ஆண்டு. 'டூக்கி' வந்து முப்பது ஆண்டு, 'அமெரிக்கன் இடியட்' வந்து இருபது ஆண்டு. அந்த ஜனவரியில் வந்த 'சேவியர்ஸ்' ஆல்பத்துக்கு, அவ்விரண்டிலும் பணியாற்றிய ராப் கவாலோவையே மீண்டும் அழைத்துக்கொண்டார்கள். சுற்றுப்பயணத்தில் இரண்டு பழைய ஆல்பங்களையும் முழுமையாக வாசித்தார்கள்.

● 'லிங்கின் பார்க்' பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017-ல் மறைந்தபின் குழு ஏறக்குறைய மௌனமாகிவிட்டது. 2024 செப்டம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ராங் புதுப் பாடகியாக அறிமுகமானார். நவம்பரில் 'ஃப்ரம் ஜீரோ' வந்தது. பழைய ரசிகர்களில் ஏற்றவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. செஸ்டரைப்போலவே பாடும் ஒருவரைத் தேடிப்பிடித்து நிறுத்தாமல், வேறு குரலோடு வந்ததுதான் அவருக்குச் செய்த மரியாதை என்பது நம் கட்சி.

● அயர்லாந்தின் டப்ளினில் உருவான 'ஃபான்டெய்ன்ஸ் டி.சி.' குழுவின் 'ரொமான்ஸ்', ஆகஸ்டில் வந்தது. அதில் 'ஸ்டார்பர்ஸ்டர்' பாட்டு முழுக்க ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வரும்: மூச்சு முட்டி 'ஹக்' என்று இழுப்பது. பாடகர் கிரியன் சாட்டனுக்கு லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ரயில் நிலையத்தில் திடீரென நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறிய அனுபவம்தான் அந்தப் பாட்டு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிற ஒன்றை அவர் தாளமாகவே ஆக்கிவிட்டார். அதே அவதி உள்ளவர்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

● அமெரிக்காவின் வடக்கு கரோலினாவைச் சேர்ந்த எம்.ஜே. லெண்டர்மனுக்கு 2024-ல் வயது 25. செப்டம்பரில் வந்த 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்', பல பத்திரிகைகளின் ஆண்டிறுதிப் பட்டியலில் ஏறியது. அவர் பாடுவதெல்லாம் ஜம்பம் அடிக்கிற, தோற்றுப்போன ஆண்களை. முதலில் சிரிப்பு வரும், பிறகு பாவமாக இருக்கும். ஆல்பம் வந்த மூன்றே வாரத்தில், அது பதிவான ஆஷ்வில் நகரை ஹெலீன் புயல் வெள்ளக்காடாக்கியது. நிவாரண நிதிக்காக இசைக்கலைஞர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட தொகுப்புக்கு லெண்டர்மனும் ஒரு பாட்டு கொடுத்தார்.

● ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டு டுவாரெக் இனத்தவர் எம்டூ மொக்டார். சிறுவயதில் சைக்கிள் பிரேக் கம்பிகளைத் தந்தியாக்கித் தானே கிடார் செய்து பழகியவர். மே மாதம் வந்த 'ஃபியூனரல் ஃபார் ஜஸ்டிஸ்', தன் மண்ணைச் சுரண்டிய பிரான்சை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறது, அதுவும் டமாஷெக் மொழியில். 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. ஊர் திரும்ப வழியில்லை. மாட்டிக்கொண்ட அந்த நாட்களில் இதே பாடல்களை மின்கிடார் இல்லாமல் மறுபடி வாசித்துப் பதிந்தார்கள். அது 2025-ல் தனி ஆல்பமாக வந்தது. முதலாவதில் கோபம், இரண்டாவதில் கண்ணீர். பாடல்கள் அவையேதான்.

● 'செயின்ட் வின்சென்ட்' என்ற பெயரில் பாடும் ஆனி கிளார்க், முதல்முறையாகத் தானே தனித்துத் தயாரித்த ஆல்பம் 'ஆல் பார்ன் ஸ்க்ரீமிங்'. அதில் இரண்டு பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் நிர்வானாவின் டேவ் க்ரோல். சிறந்த ஆல்டர்நேட்டிவ் ஆல்பத்துக்கான கிராமி இதற்கே கிடைத்தது.

இப்படியும் வெளியிடலாம்!

● 2024 ஜூலை 19 அன்று, ஜாக் வைட்டின் 'தேர்ட் மேன்' இசைத்தட்டுக் கடைகளில் பொருள் வாங்கியவர்களின் பைக்குள் ஒரு வெள்ளை உறை இசைத்தட்டும் போனது. பாடகர் பெயர் இல்லை, பாட்டுப் பட்டியல் இல்லை. 'நோ நேம்' என்ற முத்திரை மட்டும். வீட்டுக்குப் போய்ச் சுழலவிட்டால், ஜாக் வைட்டின் புத்தம்புது ஆல்பம்! "பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நிறுவனமே ஊக்கம் கொடுத்தது. இரண்டு வாரம் கழித்தே முறையான வெளியீடு. விளம்பரம் காதில் விழுமுன் பாட்டு காதில் விழ வேண்டும் என்கிற இந்த ஏற்பாட்டுக்கு ஏற்றபடி, பாட்டுகளும் சுற்றிவளைக்காத சூடான கிடார் பாட்டுகள்.

● இசைத்தட்டு மலையேறிவிட்டது என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் 2024-ல் விற்ற வினைல் தட்டுகள் சுமார் 4.4 கோடி, சி.டி.க்கள் சுமார் 3.3 கோடி. எண்ணிக்கையில் சி.டி.யை வினைல் முந்துவது அது தொடர்ந்து மூன்றாம் ஆண்டு.

எதில் தொடங்குவது?

● அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் ஷெல்லாக். கிடார் இரைச்சலே ஆகாது என்பவர்களுக்கு ரோமனி கில்மர் பாடிய பாட்டு. மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, கை தாளம் போட வேண்டும் என்றால் எம்டூ மொக்டார். மனம் பாரமாக இருக்கும் நாளில் நிக் கேவ். ஜூடாஸ் ப்ரீஸ்டை மட்டும், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்!